நான் திருத்திய மெஷின்

கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றின் டிக் வெல்டிங் மெஷினை நான் நான்கு தரம் திறந்தேன். முதல் மூன்று தரமும் பிழையை விட்டுவிட்டு வந்தேன். நான்காம் தரம் சரியாகத் திருத்தினேன். நினைத்தால் இன்றும் அந்த நான்காம் தரம்தான் வாயில் கசக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சண்டைக் காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அறையில் இன்னும் இரண்டு பேருடன் இருந்தேன். மருதானையில் எலக்ட்ரோனிக்ஸ் படித்துவிட்டு வெல்டிங் மெஷின் திருத்துவதைத் தொழிலாக வைத்திருந்தேன். கடை கிடையாது. ஒரு தோள்பையும் மல்டிமீற்றரும்தான். சட்டைப் பையில் யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு செக்பொயின்டிலும் மல்டிமீற்றரை வெளியே எடுத்து, இது கறன்ட் பார்க்கிற சாமான் என்று சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை முதுகில் வேர்வை ஓடும். யாரும் என்னை அடித்ததில்லை. ஆனால் அடி விழுந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டே பத்து வருடம் நடந்திருக்கிறேன்.

அந்தப் பட்டறையில் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கும் தேத்தண்ணி பொயிலரும் செய்வார்கள். முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். அளவான பேச்சு, எதற்கும் சத்தம் போடமாட்டார். டிக் வெல்டிங் செய்தவர் ஒரே ஒருவர்தான், வவுனியாப் பக்கத்து ஆள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிடுவேன். மனைவியோடும் சின்ன மகளோடும் மட்டக்குளியில் வாடகை அறையில் இருந்தார். அவர் ஒட்டிய பொயிலரின் மூட்டில் விரலை வைத்து இழுத்தால் எங்கும் தடக்காது. அவ்வளவு நேர்த்தி.

முதல் தரம் போனபோது அவர் சொன்ன முறைப்பாடு எளிமையானது. ஆர்க் பிடிக்குதில்லை.

டிக் வெல்டிங் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டோர்ச்சின் நுனியில் ஊசிபோல ஒரு டங்ஸ்டன் கூர் இருக்கும். அது தகட்டில் படக் கூடாது, பட்டால் கூர் கெட்டுவிடும். தொடாமல் மிகக் கிட்டப் பிடித்துக்கொண்டு சுவிச்சை அழுத்த வேண்டும். மெஷினுக்குள் நெருக்கமாக வைத்த இரண்டு பொயின்ட்டுகளுக்கு இடையில் பொறி பறக்கும். அந்தப் பொறியிலிருந்து பிறக்கும் மின்சாரம் கூருக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் வெளியைத் தாண்டும். அதைப் பிடித்துக்கொண்டு ஆர்க் எரியத் தொடங்கும். ஆர்க் பிடித்ததும் பொறி நின்றுவிடும். பிடிக்காவிட்டால் நிற்காது. சுவிச்சை அழுத்தியிருக்கும்வரை சடசடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். போக ஒழுங்கான வழி இல்லாமல் வயர் வழியே எல்லாம் ஏறி, அக்கம்பக்கத்து ரேடியோவில் இரைச்சலாகவும் டீவியில் கோடாகவும் வந்து விழும்.

முதல் நாள் நான் டங்ஸ்டன் கூரைத்தான் குறை சொன்னேன். அதைப் புதிதாகத் தீட்டி, சிலிண்டரிலிருந்து டோர்ச்சுக்கு கேஸ் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தேன். இரண்டு நாள் வேலை செய்தது. பிறகு பழையபடி. இரண்டாம் தரம் மெஷினின் மூடியைத் திறந்து, கருகிப்போயிருந்த பொயின்ட்டுகளை மெல்லிய அரத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். ஒரு கிழமை வேலை செய்தது.

மூன்றாம் தரம் ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். அண்ணை சுவிச்சை அழுத்திக் காட்டினார். மெஷினுக்குள் பொறி அடிக்கிற சத்தம் கேட்டது. கூரின் நுனியில் ஒன்றும் இல்லை. அவர் திரும்பத் திரும்ப அழுத்தினார். பத்துத் தரத்துக்கு ஒரு தரம் பிடித்தது.

"தம்பி, ஏர்த்தை ஒருக்காப் பாத்தா என்ன? எனக்கெண்டா அதிலதான் சந்தேகம்" என்றார்.

"ஏர்த் பிழையில்லை அண்ணை. பொறிதான் பலம் காணாது" என்றேன்.

ஏர்த்தை நான் பார்க்கவே இல்லை. மெஷினிலிருந்து ஒரு பச்சை வயர் சுவருக்குள் போவது தெரிந்தது. அது சுவருக்கு அப்பால், கொல்லைப்புறத்தில் நிலத்தில் அடித்த கம்பியில் முடிய வேண்டும். வெளியே போய்ப் பார்க்கப் பத்தடி நடந்தால் போதும். மழை பெய்து கொல்லைப்புறம் சேறாகக் கிடந்தது. ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் ஒரு கொமியூனிகேஷன் கடைப் போனுக்கு வெளிநாட்டிலிருந்து என் தமையன் கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தான். என் விசா விஷயம். அந்தக் கோலைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சுகமான வழியை எடுத்தேன். பொயின்ட்டுகளுக்கு இடையில் இருந்த வெளியை அளவுக்கு மேல் அகட்டினேன். அகட்டினால் பொறி பலக்கும். ஆர்க் பிடிக்க ஒரு வழியும் இல்லாத இடத்திலும் ஏறக்குறையப் பிடிக்க வைக்கும். அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். அண்ணை பக்கத்தில் நின்று நான் திருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் பூட்டிவிட்டு அழுத்தச் சொன்னேன். மூன்றாவது அழுத்தில் பிடித்தது.

"பாத்தீங்களே" என்றேன்.

அவர் அடுத்த தகட்டை எடுத்தார். நான் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். கோலும் வந்தது. இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னான்.

பட்டறைக்குப் பின்வீட்டில் இளைப்பாறிய கிளார்க் ஒருவரும் மனைவியும் இருந்தார்கள். அவர்களும் தமிழர்கள். அவர்களுடைய டீவியில் முன்பும் எப்போதாவது கோடு விழுந்திருக்கிறது. நான் அகட்டிவிட்டு வந்த பிறகு படமே தெரியாமல் போனதாம். அண்ணை ஆர்க் பிடிக்க மல்லுக்கட்டும் பதினைந்து இருபது நிமிஷமும் கோடும் இரைச்சலும், பிறகு கொஞ்சம் ஓய்வு, பிறகு மறுபடியும். அந்த மனிதர் வந்து முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி, மெஷின் திருத்த ஆள் வந்து போனது, இனிச் சரியாகிவிடும் என்று அனுப்பியிருக்கிறார். சரியாகவில்லை. அடுத்த கிழமை அவர் பொலிஸுக்குப் போனார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. புதன்கிழமை காலை வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கூப்பிட்டு, போன் என்றார். முதலாளி பேசினார்.

"தம்பி, பொலிஸ் வந்து நம்மட வெல்டரைக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. இங்க இருந்து வயர்லெஸ்ல இயக்கத்துக்கு என்னமோ செய்தி அனுப்புறதாம். நீங்க ஒருக்கா வாங்க. மெஷினைச் செரியாக்கித் தாங்க. அவங்க திரும்பப் பார்க்க வருவாங்க. வந்தா மெஷின்ல ஒரு கொறையும் ஈக்கக் கூடாது."

நான் போகாமல் இருந்திருக்கலாம். போய், எதையும் தொடாமல், பொலிஸ் வரும்வரை மெஷின் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எனக்கு இருந்த பயத்தில் ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. நான் திருகியதை நேராக்கிவிட வேண்டும். என் கைப்பிழை அதற்குள் இருக்கக் கூடாது.

பட்டறையில் அண்ணையின் வெல்டிங் முகமூடி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அரைவாசி ஒட்டிய பொயிலர் அப்படியே இருந்தது. முதலாளி சொன்ன விபரம் இதுதான். நான்கு பேர் வந்தார்கள். அண்ணையின் அடையாள அட்டையில் வடக்கு விலாசம். பொலிஸ் பதிவு பழைய அறையின் விலாசத்தில் இருந்தது, புது அறைக்கு மாற்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செய்தி கேட்கிற சின்ன ரேடியோவை அவருடைய பையிலிருந்து எடுத்தார்கள். வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே போதும் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றுதான் பச்சை வயரின் வழியே கொல்லைப்புறத்துக்குப் போனேன். சுவருக்குப் புதுச் சீமெந்து பூசியவர்கள் அந்த வயரை வெட்டி, நுனியைச் சீமெந்துக்குள்ளேயே விட்டிருந்தார்கள். நிலத்தில் அடித்த கம்பி தனியாக நின்றது. உள்ளே வந்து, தகட்டில் கௌவுகிற கிளாம்பின் கேபிளையும் வளைத்துப் பார்த்தேன். இறப்பருக்குள் செம்புக் கம்பிகள் முக்கால்வாசி அறுந்து, பச்சை பிடித்திருந்தன. அண்ணை சந்தேகப்பட்டது சரி. இரண்டும் சேர்ந்து பொறியின் வழியை அடைத்திருந்தன.

புது வயர் போட்டு நிலக்கம்பியில் முறுக்கிக் கட்டினேன். கேபிளை வெட்டி நல்ல இடத்தில் கிளாம்பைப் பூட்டினேன். பொயின்ட்டுகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். டோர்ச்சை எடுத்து அழுத்தினேன். முதல் அழுத்திலேயே, சத்தமில்லாமல், நீலமாக ஆர்க் எழும்பி நின்றது. ஐந்து தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஐந்து தரமும் பிடித்தது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. அங்கே ஒரு மனிதனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நான் இங்கே ஒரு மெஷின் நன்றாக எரிகிறது என்று சந்தோஷப்பட்டேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஒரு அதிகாரி, இரண்டு பொலிஸ்காரர், சிவில் உடுப்பில் வயர்லெஸ் தெரிந்த ஒருவர். முதலாளி என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன். இது செய்தி அனுப்புகிற சாமான் இல்லை சேர், ஆர்க் பிடிக்காவிட்டால் இந்த மெஷினே டீவியில் கோடு போடும் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"சரி, போட்டுக் காட்டு" என்றார் சிங்களத்தில்.

பின்வீட்டு யன்னலைத் திறந்து, டீவியைப் போட்டு, பட்டறைக் கதவிலிருந்து தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார்கள். கிளார்க்கும் மனைவியும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் டோர்ச்சைக் கையில் எடுத்தபோதுதான் விளங்கியது. நன்றாக எரிகிற மெஷின் இனிக் கோடு போடாது. வேறு வழியில்லாமல் அழுத்தினேன். ஆர்க் உடனே பிடித்தது. டீவியில் படம் ஒரு தரம் கண் சிமிட்டுவதுபோல அசைந்தது. அவ்வளவுதான். யாரோ ஒரு பெண் சோப் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கிளார்க்கிடம் கேட்டார், இதுதானா என்று. அவர் தலையை ஆட்டினார். இல்லை சேர், இருபது நிமிஷம் இருக்கும், படமே தெரியாது.

"சேர், அப்ப மெஷின் பிழையாக இருந்தது. நான் திருத்திவிட்டேன்" என்றேன்.

"எப்போது?"

"முந்தாநாள்."

"அவனைப் பிடித்த பிறகு?"

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருத்தச் சொன்னது தான்தான் என்று அவர் சொல்லவில்லை.

"அந்த மாதிரி மறுபடி பிழையாக்க உன்னால் முடியுமா?"

"முடியும் சேர். அரை மணித்தியாலம் தந்தால்."

அதிகாரி சிரித்தார். அப்படியென்றால் நீ இதை எப்படி வேண்டுமானாலும் ஆக்குவாய், இல்லையா என்றார். பிறகு என் அடையாள அட்டையைக் கேட்டார். விலாசத்தை இரண்டு தரம் வாசித்தார். வெள்ளவத்தையில் எத்தனை மாதம், யாரோடு, ஏன் வந்தாய். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பொயின்ட்டை அகட்டியது நான் என்ற ஒன்றைத் தவிர. வயர்லெஸ் தெரிந்தவர் குனிந்து மெஷினின் உள்ளே பார்த்தார். பச்சை வயரைப் பார்த்தார். கொல்லைப்புறம் போய் வந்தார். அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என்னை ஒரு தரம் பார்த்தார். எதையும் எழுதவில்லை. அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவர்கள் போன பிறகு கிளார்க்கின் மனைவி மதிலடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாங்களும் தமிழாக்கள்தான். நாளைக்கு எங்கட வீட்டிலயிருந்து ஏதோ அனுப்பினமெண்டு வந்து நிண்டா என்ன செய்யிறது? முதல்ல நாங்களே சொல்லிப்போட்டா எங்களை விட்டிடுவாங்கள் எண்டு இவர் யோசிச்சவர். அந்தப் பொடியனை எங்களுக்குத் தெரியவும் தெரியாது."

நாற்பது வயது மனிதரைப் பொடியன் என்றார். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பயந்தார்கள், நானும் பயந்தேன். அவர்கள் பயத்தை வெளியே சொன்னார்கள், நான் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணையின் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். படியேறி வந்த களைப்பில் வாசலிலேயே நின்று பேசினார்.

"லோயர் கேட்டவர். மெஷினில என்ன பிழை இருந்தது, எப்பிடித் திருத்தினது எண்டு திருத்தின ஆள் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தா உதவுமாம். நீங்கள் எழுதித் தருவீங்களே?"

தருகிறேன் என்றேன். அன்றிரவே எழுதினேன். உள்ளதை எழுதினேன், அகட்டியதையும் சேர்த்து. காலையில் வாசித்துப் பார்த்துக் கிழித்தேன். விசாவுக்குப் பொலிஸ் றிப்போட் எடுக்க வேண்டியிருந்தது. இந்த வழக்கில் என் பெயர் ஏறினால் றிப்போட் வராது. இன்னொரு தாளில் வேறு மாதிரி எழுதினேன். டிக் வெல்டிங் மெஷின்கள் பொதுவாக டீவிக்கு இடைஞ்சல் தரும் என்று. எந்த மெஷின், யார் திருத்தியது, எந்த நாள், ஒன்றும் இல்லை. அடியில் வாசிக்க முடியாத ஒரு கிறுக்கல். அண்ணையின் மனைவி வந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். லோயர் அதைப் பார்த்துவிட்டு இதால் பிரயோசனமில்லை என்றாராம். அண்ணையின் மனைவி திரும்பி என்னிடம் வரவில்லை. என் விசாவும் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அண்ணையை விட்டார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை. பட்டறையில் திரும்ப எடுக்கவில்லை. முதலாளியிடம் கேட்டேன்.

"நல்ல மனுசன், நான் இல்லேன்று செல்லல்ல தம்பி. ஆனா அவங்க திரும்பத் திரும்ப வந்தா நான் என்ன செய்ற? என்ட புள்ளைகளும் ஈக்கிதானே" என்றார். அந்த மெஷினில் இப்போது வேறொருவர் வேலை செய்துகொண்டிருந்தார். நன்றாக எரிந்தது.

நுகேகொடையில் யன்னல் கிறில் செய்கிற சின்ன இடமொன்றில் அண்ணை வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் போனேன். தெருவோரம் கிறில் இரும்பை ஒட்டிக்கொண்டிருந்தார். சாதாரண ஸ்டிக் வெல்டிங். உரசினாலே ஆர்க் பிடிக்கிற சாதி. அவருடைய கைக்கு அது ஒரு வேலையே இல்லை. மெலிந்திருந்தார். நான் கூப்பிட்டது கேட்கவில்லை. முன்னால் போய் நின்றதும் முகமூடியைத் தூக்கினார். இடது காது கேட்காது, இந்தப் பக்கம் நிண்டு கதையும் என்றார்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேரடியாகச் சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் பொயின்ட்டை அகட்டினனான். அதாலதான் அவ்வளவு கோடு விழுந்தது. ஏர்த்தில நீங்கள் சொன்னதுதான் சரி. நான் வெளியில போய்ப் பாக்கேல்லை."

"தெரியும்" என்றார்.

கையிலிருந்த வெல்டிங் பிடியைக் கீழே வைத்தார்.

"நான் பக்கத்தில நிண்டனான்தானே. நீர் திருகினதைக் கண்டனான். உள்ளுக்க அவங்கள் கேட்டவங்கள், மெஷினை ஆர் திறந்ததெண்டு. ஒவ்வொரு நாளும் கேட்டவங்கள். நான் சொல்லேல்லை."

"ஏன் அண்ணை?"

"முதல் ரெண்டு கிழமை உம்மில இரக்கப்பட்டுத்தான். வயசு போகாத ஆள், உம்மையும் கொண்டந்து போட்டாங்களெண்டா எண்டு யோசிச்சனான். பிறகு நீர் வந்து உள்ளதைச் சொல்லுவீர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்." கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "மனிசி உம்மட கடிதத்தைக் கொண்டந்து காட்டினவ. அதில கையெழுத்து எங்க இருக்கெண்டு தேடினனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். கோபம் இல்லை அந்தக் கையில். சலிப்புத்தான்.

"சரி, நடந்தது நடந்திட்டுது. ஆனா இனி என்னைத் தேடி வராதையும். உம்மைக் கண்டா எனக்கு உள்ளுக்க இருந்த நாளெல்லாம் ஞாபகம் வரும். வந்தாலும் உம்மட மனப்பாரமும் குறையாது."

முகமூடியை இறக்கிவிட்டு வெல்டிங் குச்சியை எடுத்து இரும்பில் உரசினார். வெறுங்கண்ணோடு நின்ற நான் முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு மூட்டு முடிந்து அவர் அடுத்ததுக்கு நகர்ந்தார். தலை நிமிரவில்லை. நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

அடுத்த வருடம் அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். வேறொருவர் இல்லை, கடல் தாண்டிப் போய்விட்டார் என்றார். எது உண்மை என்று நான் விசாரிக்கவில்லை.